என் லாகின், இன்னொருவரின் டாரண்ட்: விடுதி இணையம் இல்லாமல் கழிந்த 27 நாட்கள்

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை ஏழே கால் மணிக்கு விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்தேன். வைஃபை இணைந்தது, ஆனால் ஒரு பக்கம்கூட வரவில்லை. வழக்கமாக வரும் லாகின் பக்கத்தின் இடத்தில், என் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும் கணினி மையத்தை அணுகும்படியும் ஒரே ஒரு வரி இருந்தது. விடுதிக் கட்டணத்தில் ஏதாவது பாக்கியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மொபைல் டேட்டாவில் மின்னஞ்சலைப் பார்த்தேன். பதிப்புரிமை மீறல் புகார் என்று தலைப்பு. பிப்ரவரி 6ஆம் தேதி 20:47 மணிக்கு, விலை உயர்ந்த ஒரு வரைகலை மென்பொருளை டாரண்ட் (பலர் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) வழியாக என் கணக்கிலிருந்து பகிர்ந்திருக்கிறார்களாம். அந்த மென்பொருளின் பெயரையே அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். நான் படித்தது எம்.எஸ்சி. புள்ளியியல்; அது கட்டட வரைபடம் போடுகிறவர்களுக்கான மென்பொருள்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். போலீஸ் வருமா, பட்டம் தரமாட்டார்களா, ஊரில் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரே நேரத்தில் எல்லாம் ஓடியது. சென்னைக்கு வந்து இரண்டாவது ஆண்டு. இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அறைத்தோழியிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான்தான் செய்திருப்பேன் என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம். அன்று யாராவது ஒருவர் உட்கார வைத்து விளக்கியிருந்தால் நான் இழந்ததில் பாதியை இழந்திருக்க மாட்டேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மின்னஞ்சலை மூன்றாவது முறை படித்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது. 20:47 என்றால் இரவு 8:47. ஆறாம் தேதி வியாழக்கிழமை. அன்று அந்த நேரத்தில் நான் மெஸ்ஸில் இருந்தேன். தோசை தீர்ந்துபோய் வரிசையில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. காப்பாளர் மேடமும் அங்கேதான் இருந்தார். மடிக்கணினி அறையில் மூடிக் கிடந்தது. இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்குக் கடிதமாக எழுதி, மேடத்திடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பன்னிரண்டாம் தேதி கணினி மையத்துக்குப் போனேன். அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி கடிதத்தை முழுவதும் படித்தார். பிறகு பொறுமையாக, "இது உலகப் பொது நேரம் அம்மா. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஏழாம் தேதி அதிகாலை 2:17" என்றார். கையில் இருந்த ஒரே சான்றும் அந்த நொடியில் பயனில்லாமல் போனது. அதைவிட மோசம், இல்லாத ஒரு நேரத்துக்குச் சாட்சி கொண்டுவந்திருக்கிறாள் என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அதிகாலை இரண்டே காலுக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு யார் சாட்சி?

இத்தகைய நோட்டீஸ் உங்களுக்கு வந்தால் முதலில் இதைக் கவனியுங்கள்: குறிப்பிட்டிருக்கும் நேரம் எந்த நாட்டுக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். புகார் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய கருவிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவு செய்யும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் பதில் எழுதினால் தேதியே மாறிப்போகலாம், உண்மையைச் சொன்னாலும் பொய்யாகத் தெரியும்.

அன்று அந்த அதிகாரி எனக்கு இன்னொன்றையும் விளக்கினார். விடுதியில் எத்தனை நூறு பேர் இருந்தாலும் வெளியுலகுக்கு நாங்கள் ஒரு சில பொது ஐபி முகவரிகளாகத்தான் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) தெரிகிறோம். புகாரில் அந்தப் பொது முகவரி, போர்ட் எண் (ஒரே முகவரியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் எண்), நேரம் மூன்றும் இருக்கும். கணினி மையத்து ஃபயர்வால் (உள்ளே வெளியே போகும் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவி) தன் பதிவுகளில் தேடி, அந்த நொடியில் அந்தப் போர்ட்டைப் பயன்படுத்திய உள் முகவரி எது என்று கண்டுபிடிக்கும். அந்த உள் முகவரி எந்த லாகினுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று இன்னொரு பதிவு சொல்லும். சங்கிலி அங்கே முடிந்துவிடுகிறது. விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று எந்தப் பதிவிலும் இருக்காது, லாகின் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயர் என்னுடையது.

டாரண்டைப் பற்றியும் எனக்குத் தவறான எண்ணம் இருந்தது. இறக்கிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் விடுதியில் எல்லோரும் பேசுவோம். ஆனால் டாரண்ட் என்பது ஒரு கடையிலிருந்து பொருளை எடுத்து வருவது போன்றதல்ல. கோப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பலரிடமிருந்து வாங்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகளை நம் கணினி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். இந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற ஐபி முகவரிப் பட்டியல், அதில் சேருகிற எவருக்கும் கிடைக்கும். உரிமையாளர்களின் ஆட்களும் அதே கூட்டத்தில் சேர்ந்து பட்டியலை எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இறக்கி முடித்த பிறகும் பல செயலிகள் சாளரத்தை மூடினால் நிற்பதில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் படமாக ஒளிந்துகொண்டு, அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது தாமாகவே மீண்டும் தொடங்கிவிடும். அக்டோபரில் இறக்கிய ஒன்றுக்காகப் பிப்ரவரியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். டாரண்ட் என்ற தொழில்நுட்பத்தில் குற்றம் ஏதும் இல்லை. உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்களை அவற்றை வெளியிடுகிறவர்களே டாரண்டாகவும் தருகிறார்கள். ஆனால் எங்கள் விடுதி விதியில் உள்ளடக்கம் எதுவானாலும் அந்த வழிக்கே தடை. சட்டப்படி சரியானதைக்கூட நேரடி இறக்கமாகத்தான் எடுக்க வேண்டும். உங்கள் விடுதியில் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று அறைக்குத் திரும்பும் வழியில், படிக்கட்டில்தான் எனக்கு நினைவு வந்தது. ஆயுத பூஜை விடுமுறை.

2024 அக்டோபரில் முதலாண்டுக் கட்டடக்கலை மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். எங்கள் மாவட்டத்துப் பெண், மெஸ்ஸில் பழக்கம். கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டித் தட்டி அவளுடைய கணக்கு பூட்டிக்கொண்டது. கணினி மையம் விடுமுறைக்காக மூடியிருந்தது. மறுநாள் ஒரு வேலையை அனுப்பியாக வேண்டும் என்று கண்கலங்கி நின்றாள். "அக்கா, ஒரே ஒரு நாள்" என்றாள். நானே அவளுடைய மடிக்கணினியில் என் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தேன். உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டது. நான் மறந்துவிட்டேன். அவளுடைய கணக்கு அதற்குப் பிறகு சரியானதா என்று நான் கேட்கவே இல்லை. எங்கள் விதிப்படி ஒரு லாகினில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் இணையலாம். என் கைப்பேசியை மொபைல் டேட்டாவில் வைத்திருந்ததால் இரண்டாவது இடம் நிரம்பியிருந்தது எனக்குத் தெரியவில்லை. டிசம்பரில் ஒரு முறை கைப்பேசியை வைஃபையில் இணைக்கப் பார்த்தபோது, கருவிகளின் எண்ணிக்கை மீறிவிட்டதாகச் செய்தி வந்தது. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். அந்தச் செய்திதான் எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. உங்களுக்கு அப்படி வந்தால் அன்றே லாகின் பக்கத்துக்குப் போய், உங்கள் பெயரில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்று பாருங்கள். தெரியாதது ஒன்று இருந்தால் வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அவளிடம் போய்க் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். சற்று நேரம் கழித்து, வகுப்பில் எல்லோரும் வைத்திருக்கும் மென்பொருளைத்தான் இறக்கினேன், வாங்க எங்கள் வீட்டில் பணம் இல்லை, உங்கள் கணக்கு என்பதே எனக்கு மறந்துபோயிற்று என்று சொல்லி அழுதாள். எனக்கு அவள் மீது கடுமையான கோபம். அதே நேரம் அவளைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. நான்கு நாட்கள் எதுவும் செய்யாமல் இருந்தேன். அந்த நான்கு நாட்களை நினைத்துத்தான் இன்றும் வருந்துகிறேன். பதில் தர ஏழு நாள் கெடு இருந்தது. அதில் பாதிக்கு மேல், சொல்வதா வேண்டாமா என்ற யோசனையிலேயே போய்விட்டது. இத்தனைக்கும் அந்த மென்பொருளுக்கு மாணவர்களுக்கென்று இலவச உரிமமே இருந்தது, கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்தால் போதும் என்பது எங்கள் இருவருக்குமே பிறகுதான் தெரிந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் தேவைப்பட்டால் முதலில் மாணவர் உரிமம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் வரைபடம் போட ஃப்ரீகேட், நிலப்படத்துக்கு க்யூஜிஐஎஸ், புள்ளியியலுக்கு ஆர், அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ் என்று கட்டணமில்லாதவை இருக்கின்றன. ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஐந்தாம் நாள் அவளே வந்து, நானும் வருகிறேன் அக்கா என்றாள். இருவரும் கணினி மையத்துக்குப் போனோம். இந்த முறை நான் கடிதத்தில் எதையும் மறுக்கவில்லை, கேள்விகளாக எழுதிக்கொண்டு போனேன். ஏழாம் தேதி அதிகாலை 2:17க்கு என் லாகினில் எத்தனை கருவிகள் இருந்தன, அவற்றின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவியும் வைஃபையில் காட்டும் அடையாள எண்) என்ன, எந்தக் கட்டடத்தின் எந்த வைஃபை கருவி வழியாக இணைந்திருந்தன, அந்த இணைப்பு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது? அதிகாரி பதிவுகளை எடுத்துக் காட்டினார். என் மடிக்கணினி இரவு 11:40க்கே இணைப்பிலிருந்து போய்விட்டது. புகாருக்குரிய கருவி முதலாண்டு மாணவியர் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. மேக் முகவரி அவளுடைய மடிக்கணினியோடு பொருந்தியது. மேக் முகவரி பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள் என்றும் அவர் சொன்னார். இப்போதைய கைப்பேசிகள் வைஃபையில் தற்காலிக மேக் முகவரியைக் காட்டுவதால் அது தனியாக எதையும் நிரூபிக்காது. எந்தக் கட்டடம், எந்த நேரம் என்பதும் சேர்ந்தால்தான் வலு. மடிக்கணினியைப் பயத்தில் ஃபார்மட் செய்துவிடாமல் இருந்ததும் நல்லதாயிற்று. அழித்துவிட்டு வருகிறவர்களை எந்தக் குழுவும் நம்பாது என்றார். பதிவுகள் எப்போதும் இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம். நோட்டீஸ் வந்த அன்றே, இந்தத் தேதிக்குரிய பதிவுகளைப் பாதுகாத்து வையுங்கள் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இறக்கியது நான் இல்லை என்பது அன்றே தெளிவாகிவிட்டது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சேர்க்கையின்போது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை அவர் எடுத்து வைத்தார். கணக்கில் நடக்கும் அனைத்துக்கும் கணக்கு உரிமையாளரே பொறுப்பு, கடவுச்சொல்லைப் பகிர்வது தனிக் குற்றம் என்று ஆறாவது விதியில் இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு வரிசையில் நின்றுகொண்டே பதினோரு கையெழுத்துப் போட்ட நாளில் அதுவும் ஒன்று. நான் அதைப் படிக்கவில்லை. பருவம் முழுவதும் நிறுத்த வேண்டியது 27 நாட்களாகக் குறைந்தது, அபராதம் 5,000 ரூபாய் அப்படியே நின்றது, பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் அபராதம்.

போலீஸ் பயம் அன்றுதான் தீர்ந்தது. இது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கை, வழக்கு அல்ல என்று அவரே சொன்னார். அதற்காகச் சட்டத்தை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் காரணம் காட்டி இதைக் குறைக்கலாம். இணையத்தில் தேடினால் முதலில் இந்த எண்கள்தான் கண்ணில் படும், இரவெல்லாம் தூக்கம் வராது. உங்கள் கையில் இருப்பது நிறுவனத்தின் நோட்டீஸா நீதிமன்றத்தின் தாளா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

அப்பாவுக்குச் சொன்ன நாள்தான் எல்லாவற்றிலும் கடினம். சென்னிமலையில் தறி ஓட்டுகிறவர். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் வந்து இறங்கினார். டாரண்ட், லாகின் என்றெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, "கூட்டுறவுச் சங்கத்தில் உன் சித்தப்பாவுக்கு நான் ஜாமீன் போட்டேனே, அந்த மாதிரியா கண்ணு?" என்றார். ஆமாம் அப்பா, அதேதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. கணினி மையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதிய வண்டிக்கே திரும்பிவிட்டார்.

அந்த 27 நாட்களில் நடந்த பெரிய இழப்பு அபராதம் அல்ல. பிப்ரவரி 22ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் தேர்வு. கேமரா எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விடுதியில் மூன்றாம் மாடிப் படிக்கட்டில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். அங்கே உட்கார்ந்து கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் எழுதினேன். இரண்டு முறை துண்டித்து மீண்டும் வந்தது. நாற்பதாவது நிமிடத்தில் மூன்றாவது முறை துண்டித்தபோது தேர்வு முடிந்துவிட்டதாகக் காட்டியது. நான் தயார் செய்திருந்த பகுதி அதற்குப் பிறகுதான் இருந்தது. இதை எங்கள் துறைத் தலைவரிடம் பிறகு சொன்னபோது, ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் ஆய்வகத்தில் என் பொறுப்பில் ஒரு கணினியில் உட்கார வைத்திருப்பேனே என்றார். கேட்க வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தின் விலை ஒரு வேலை. தயவுசெய்து நீங்கள் கேளுங்கள். துறையில் ஒருவரிடமாவது முதல் நாளே சொல்லிவிடுங்கள். தேர்வு, திட்ட அறிக்கை, நேர்காணல் இவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்து தருவது அவர்களுக்குப் பெரிய காரியமே இல்லை.

திட்ட வேலைக்காகக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வந்தேன். சொந்தப் புத்தகங்களோடு உட்கார்ந்து படிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது. ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும், மீதிக்குக் கூடுதல் ரீசார்ஜ். கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்: அபராதம் 5,000, ரீசார்ஜ் 1,130, பிரவுசிங் சென்டர், பிரிண்ட், பஸ் எல்லாம் சேர்த்து 640, அப்பாவின் கூலியும் ரயில் கட்டணமும் ஏறக்குறைய 2,000. மொத்தம் 8,770 ரூபாய். எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல.

ஒருவர் அவசரத்தில் வந்து நின்றால் உதவாமல் இருக்க முடியாது, எனக்குத் தெரியும். இன்று அதே பெண் வந்து நின்றாலும் நான் உதவுவேன். ஆனால் என் கடவுச்சொல்லைத் தட்ட மாட்டேன். என் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அல்லது என் மடிக்கணினியிலேயே அவளுடைய வேலையை அனுப்ப வைப்பேன். விடுதி வைஃபையை வாங்கி மடிக்கணினியிலிருந்து மறுபடி ஹாட்ஸ்பாட்டாகக் கொடுப்பதும் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் ஒன்றுதான், பதிவில் உங்கள் பெயர்தான் விழும். அறையில் சொந்த ரூட்டரைச் சுவரில் இருக்கும் இணையத் துளையில் செருகுவதையும் தவிருங்கள். ரூட்டரின் தவறான துளையில் கம்பியைச் செருகினால் அது மாடி முழுவதற்கும் தப்பான ஐபி முகவரிகளை வழங்கத் தொடங்கி, எல்லோருடைய இணையமும் படுத்துவிடும். எங்கள் மாடியில் ஒரு முறை அப்படி ஒரு முழு நாள் போயிற்று. விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து வேறு வழியாக அனுப்பும் செயலி) போட்டால் தப்பித்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். பல விடுதிகளில் அதுவே விதிமீறல், அதைப் பயன்படுத்தியதும் உங்கள் லாகினில்தான் பதிவாகும்.

மார்ச் 10, திங்கட்கிழமை காலை இணைப்பு திரும்ப வந்தது. அந்தப் பெண் என் அபராதத்தில் பாதியை, மாதம் ஐந்நூறு என்று தருவதாகத் தானே முன்வந்து சொன்னாள். இரண்டு தவணைக்குப் பிறகு நானே போதும் என்றேன். இப்போதும் பேசிக்கொள்கிறோம், முன்பு போல இல்லை.

மே மாதம் விடுதியைக் காலி செய்யும்போது பாக்கியின்மைச் சான்றில் கணினி மையத்தின் முத்திரை வேண்டியிருந்தது. அதே அதிகாரிதான் இருந்தார். முத்திரை வாங்கியதும் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு, என் லாகினை அன்றோடு நிரந்தரமாக மூடிவிடும்படி எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன். அவர் நான் அங்கே நிற்கும்போதே மூடினார். நகலில் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.